எந்த மாதம் எந்தத் தீவு? கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது செந்தூல் அத்தையிடமிருந்து ஒரு செய்தி வரும். "இந்த லீவுக்கு எல்லாரும் ரெடாங் போயிட்டு வருவோமா? தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமாம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் வருடா வருடம் ஒரே பதிலைத்தான் போடுகிறேன்: "அத்தை, நவம்பர்ல ரெடாங் மூடிடுவாங்க. லங்காவி பாருங்க." அதோடு குழு அமைதியாகிவிடும். ரெடாங் கிழக்குக் கரைத் தீவு, லங்காவி மேற்குக் கரைத் தீவு.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. வருடம் முழுக்க வெயில் அடிக்கிற நாட்டில் தீவுக்குப் போக ஒரு பருவம் உண்டு என்பது யாருக்கும் சட்டென்று தோன்றாது. நானே கல்யாணமான புதிதில் டிசம்பர் தொடக்கத்தில் கோலாலம்பூரிலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டிக்கொண்டு பெர்ஹெந்தியான் தீவுப் படகு கிளம்பும் கோல பெசுட் படகுத்துறைக்குப் போய் நின்றவன். துறையில் ஒரு பூனையும், வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய்ப் பெரியவரும்தான் இருந்தார்கள். "தெங்குஜு" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு அவர் கடலைக் காட்டினார். துறைமுகத் தடுப்புச் சுவருக்கு மேலே அலை எழும்பி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு நாசி டாகாங் சாப்பிட்டுவிட்டு ஏழு மணி நேரம் திரும்பி ஓட்டினோம்.

அன்று கற்றது இதுதான்: "தீவுக்கு எந்த மாதம் நல்ல மாதம்?" என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. லீவு நமக்குக் கிடைக்கிறபோதுதான் கிடைக்கும். அந்த மாதம் காற்று எந்தக் கரையில் அடிக்கிறது என்று பார்த்து, மற்றக் கரைக்குப் போக வேண்டும். இதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: மழையை விடுங்கள், காற்றைப் பாருங்கள்

நம் கடல் ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறக்குறைய ஒரே சூடுதான், 28, 30 பாகை. மாறுவது காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வீசும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து. இடையில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர் வாக்கிலும் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறும்.

வடகிழக்குக் காற்று தென்சீனக் கடலை முழுக்கக் கடந்து வருகிறது. வழியில் தடுக்க ஒன்றுமில்லை. வருகிற வழியெல்லாம் ஈரத்தை அள்ளிக்கொண்டு, அலையைத் தள்ளிக்கொண்டு வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங், கிழக்கு ஜொகூர் கரைகளில் கொட்டுகிறது. தெங்குஜு என்று அங்குள்ளவர்கள் சொல்வது இதைத்தான். கோல திரெங்கானுவில் டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதே காற்று தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதனிடம் ஈரம் மிச்சமிருக்காது. லங்காவியில் ஜனவரி மழை சராசரியாக 50 மில்லிமீட்டருக்கும் கீழே. ஒரே காற்று, ஒரே மாதம். மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் வித்தியாசம்.

தென்மேற்குக் காற்றின் கதை வேறு. அதன் வழியில் சுமத்ராவின் மலைகள் நிற்கின்றன. மலாக்கா நீரிணையும் குறுகலானது, பெரிய அலை எழும்ப இடமில்லை. கிழக்குக் கரைக்கு வந்து சேரும்போது அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது, அதனால் கரையோரத் தண்ணீர் குளம்போலக் கிடக்கிறது. பெர்ஹெந்தியான், ரெடாங் படங்களில் பார்க்கிற அந்தக் கண்ணாடித் தண்ணீர் இந்த மாதங்களில் எடுத்ததுதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. லங்காவி வடக்கே, சுமத்ராவின் முனையைத் தாண்டி அந்தமான் கடலுக்கு நேராகத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குக் காற்று அங்கே நேராகவே வந்து சேரும். அதனால் லங்காவியும் பினாங்கும் அதிகம் நனைவது செப்டம்பர், அக்டோபரில்.

நம் தாத்தா பாட்டி கொண்டுவந்த பழமொழிகளை இங்கே கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பார்கள். ஆனால் ஆடி மாதத்தில் திரெங்கானுத் தீவுகளில் தென்னங்கீற்று அசைவதே அரிது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை மட்டும் சற்றுத் தாமதமாகக் கிழக்குக் கரைக்கும் பொருந்தும். தமிழ்நாட்டை நனைக்கிற அதே வாடைக்காற்றுதானே. பாய்மரக் காலத்தில் நாகப்பட்டினத்துக்கும் கடாரத்துக்கும் இடையே போய்வந்த கப்பல்கள் இந்த இரண்டு காற்றையும் பார்த்துத்தான் புறப்பட்டன. கடாரம் இன்றைய கெடா. லங்காவி கெடாவைச் சேர்ந்தது. ஆக, நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொன்று: கோலாலம்பூர் மழையை வைத்துத் தீவை எடைபோடாதீர்கள். இங்கே ஏப்ரலில் சாயங்காலம் நாலு மணிக்கு இடி இடித்து, வெள்ளம் சாலையில் ஓடும். அதே நேரம் பெர்ஹெந்தியானில் வெயிலில் முதுகு உரியும்.

படி 2: உங்கள் லீவை இதன்மேல் வைத்துப் பாருங்கள்

ஜனவரி, பிப்ரவரி. பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு எல்லாம் வருகிற காலம். மேற்குக் கரைதான், யோசிக்கவே வேண்டாம். எனக்கு வருடத்தில் மிகவும் பிடித்த வாரம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம். பத்துமலையின் 272 படி ஏறிய கால்வலி தீருமுன் லங்காவியில் போய் மணலில் காலை நீட்டிவிடுவேன். வானம் துடைத்துவிட்டது போலிருக்கும். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை அப்போது எங்கேயோ போய் நிற்கும். மாசி மகத்தில் பங்கோர் தீவின் கடலோரப் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் திரள்வார்கள். கோயிலும் கடலும் ஒன்றாக வேண்டுமானால் அதைவிட நல்ல சமயம் இல்லை. அமைதி வேண்டுமானால் அந்த நாள்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள், படகுக்கே வரிசை நீளும்.

மார்ச். கிழக்குக் கரை மெதுவாகக் கண் திறக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஏப்ரலும் மே மாதத்தின் முதல் பாதியும். என்னைக் கேட்டால் கிழக்குத் தீவுகளுக்கு இதுதான் வருடத்தின் உச்சம். கடல் தெளிந்துவிட்டது, பள்ளி நடக்கிறது, கூட்டம் இன்னும் வரவில்லை. நல்ல வெக்கை இருக்கும். திரெங்கானுவில் சண்டாட் சோத்தோங் தொடங்குவதும் இந்தச் சமயம்தான். இரவில் விளக்குப் போட்ட படகில் உட்கார்ந்து தூண்டிலை மேலும் கீழும் ஆட்டிக் கணவாய் பிடிப்பது. ஜூன் வாக்கில் முடிந்துவிடும். பிடித்த கணவாயைப் படகிலேயே அவித்துத் தருவார்கள். என் மகன் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை, ஆனால் சட்டை முழுக்க மை.

மே கடைசி, ஜூன் தொடக்கம். பள்ளி விடுமுறை. கிழக்கு அருமையாக இருக்கும், எல்லோருக்கும் அது தெரியும். மூன்று மாதம் முன்பே அறை பிடிக்காவிட்டால் மிச்சம் கிடைப்பது கழிவறை ஜன்னலுக்குப் பக்கத்து அறைதான்.

ஜூலை, ஆகஸ்டு. ஐரோப்பாவிலிருந்து வருகிற பயணிகள் பெர்ஹெந்தியானில் நிறைந்திருப்பார்கள். கடல் நன்றாக இருக்கும், விலை நன்றாக இருக்காது. ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகிய இரு பொது விடுமுறைகளையும் வார இறுதியோடு ஒட்டிப் போடுகிறவர்கள் ஏராளம்.

செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் இரண்டு வாரம். கிழக்கில் கூட்டம் வடிந்திருக்கும், கடைகள் இன்னும் திறந்திருக்கும். பிள்ளைகள் இல்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள் இந்த வாரங்களை விட்டுவிடக் கூடாது. புகைமூட்டம் ஒன்றுதான் பயம்.

தீபாவளி. இதுதான் நம்மவர்களின் தலைவலி. நமக்குப் பெரிய லீவு விழுவது சரியாகக் காற்று மாறுகிற சமயத்தில். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20; கிழக்கில் சில விடுதிகளாவது திறந்திருந்த காலம். 2026-இல் நவம்பர் 8. அதற்குள் ரெடாங், பெர்ஹெந்தியான் கதவு சாத்தியாகிவிடும். மேற்கும் அப்போது முழுசாகக் காய்ந்திருக்காது, பிற்பகலில் இடிமழை வரும். என் முடிவு: தீபாவளிக்கு வீட்டிலேயே இருந்து முறுக்கு சாப்பிடுங்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு நாள் பங்கோர். பெரிய பயணத்துக்கான காசைப் பிப்ரவரிக்கு ஒதுக்கி வையுங்கள்.

டிசம்பர். 2026 முதல் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரிக்கே திரும்பிவிட்டதால் டிசம்பர் மறுபடி நீண்ட விடுமுறையாகியிருக்கிறது. லங்காவி, பங்கோர், பினாங்கு. மாதத்தின் முதல் பாதியில் அங்கே ஒன்றிரண்டு மழை மிச்சமிருக்கலாம், போகப் போகக் காயும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விலைக்குத் தயாராக இருங்கள்.

படி 3: கரை முடிவானது, இனி எந்தத் தீவு?

இங்கேதான் வீட்டில் சண்டை வரும். ஆளாளுக்கு ஒரு கடல் மனத்தில் இருக்கும்.

மீனும் பவளமும் பார்க்க வேண்டுமானால் கிழக்கு. லங்காவிக்கு அதற்காகப் போய்விட்டு "தண்ணி கலங்கலா இருக்கு" என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறுகளும் அலையாத்திக் காடுகளும் சூழ்ந்த கரை அது, எந்த மாதம் போனாலும் தண்ணீர் பச்சைதான். லங்காவிக்குப் போவது மணலுக்கும், மலைமேல் ஏறும் கேபிள் காருக்கும், சதுப்புக்காட்டுப் படகுக்கும், சாப்பாட்டுக்கும். 1987 முதல் அது வரியில்லாத் தீவு, ஆகவே சாக்லேட் பெட்டிக்கும். படகு ஆட்டமே ஒத்துக்கொள்ளாத பாட்டியை விமானத்தில் ஏற்றி ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம். பெரிய குடும்பத்துக்கு இதுவே போதுமான காரணம்.

கிழக்கில் பெர்ஹெந்தியானில் இரண்டு தீவுகள். கெச்சில் இளைஞர்களுக்கு, இரவில் பாட்டுச் சத்தம் ஓயாது. பெசார் குடும்பத்துக்கு. முழங்கால் ஆழத்திலேயே மீன்கள் காலைச் சுற்றும், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட்டால் போதும். ரெடாங் பெரும்பாலும் சாப்பாடு, படகு எல்லாம் சேர்த்த பேக்கேஜ்தான். யோசிக்கச் சோம்பலாக இருப்பவர்களுக்கு வசதி. காப்பாஸ் சிறியது, மாராங் துறையிலிருந்து கால் மணி நேரப் படகு, செலவும் குறைவு. இதைப் பலரும் கவனிப்பதில்லை, அப்படியே இருக்கட்டும். தியோமான் பெரிய தீவு. காடு, அருவி, மலையேற்றம் என்று கடல் இல்லாமலே இரண்டு நாளை ஓட்டலாம். ஆனால் மெர்சிங்கிலிருந்து படகு இரண்டு மணி நேரம் பிடிக்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குத் தீவுகளில் சைவம் கிடைப்பது கஷ்டம். காய்கறிப் பிரட்டலில்கூட பிளாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். எங்கள் அத்தை செவ்வாய், வெள்ளி சைவம். அவருக்காக ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் எப்போதும் என் பையில் இருக்கும். கடைசியில் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். லங்காவியில் இந்தத் தொல்லை இல்லை. குவாவிலும் செனாங்கிலும் நம் கடைகள் உண்டு.

பங்கோர் எளிய தீவு. கோலாலம்பூரிலிருந்து லூமுட் மூன்றரை மணி நேரம், அங்கிருந்து சுமார் அரை மணி நேரப் படகு. தெலுக் நிப்பாவில் சாயங்காலம் இருவாச்சிகள் மின்கம்பியில் வந்து உட்காரும். பினாங்கைத் தீவு என்று சொன்னால் பினாங்குக்காரர்களே சிரிப்பார்கள். பத்து பெரிங்கியில் குளிக்க வேண்டும் என்று போவதைவிட, ஜூன் வாக்கில் பாலிக் பூலாவில் டுரியான் சாப்பிடப் போவது புத்திசாலித்தனம்.

படி 4: ஓர வாரங்களில் சூதாடுவதா வேண்டாமா

மார்ச்சும் அக்டோபர் கடைசியும்தான் ஓர வாரங்கள். அறை மலிவு, கடற்கரை காலி. ஆனால் சூது.

மார்ச்சில் விடுதிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். நான்கு மாதம் பூட்டிக் கிடந்த இடம். பெயின்ட் வாசனை, குளிர்சாதனப் பெட்டியில் தூசி, படகு மோட்டாருக்குப் பழுதுபார்ப்பு. கடல் அடியிலிருந்து கலங்கி இன்னும் முழுக்கத் தெளிந்திருக்காது. நோன்பு மாதம் வருடத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால், இப்போதைக்கு அது இந்தப் பக்கத்து மாதங்களோடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. நோன்புக் காலத்தில் திரெங்கானுவிலும் கிளந்தானிலும் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். தீவின் விடுதிகளில் சாப்பாடு கிடைக்கும், வழியில்தான் சிரமம். காரில் ரொட்டியும் பழமும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியில் நான் ஒருமுறை சூடுபட்டேன். ஒரு சின்ன விடுதியில் பாதி விலைக்கு அறை கிடைத்ததே என்று முழுப் பணத்தையும் கட்டிவிட்டேன். போவதற்கு நான்கு நாள் முன்பு, "கடல் சரியில்லை, இந்த வருடம் சீக்கிரம் மூடுகிறோம்" என்று செய்தி வந்தது. அவர்கள் சொன்னது நியாயம்தான். பணம் மட்டும் திரும்பவில்லை, அடுத்த வருடம் வரச் சொன்னார்கள். அதனால் ஓர வாரங்களில் பதிவு செய்வதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: கடலால் படகு ஓடாவிட்டால் பணம் திரும்புமா, தேதி மாறுமா, யார் முடிவு செய்வது? பதில் வழவழ என்று இருந்தால் முன்பணத்துக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள்.

தெங்குஜுவின் நடுவிலேயே போகிற ஒரு கூட்டமும் உண்டு. அலைச்சறுக்குக்காரர்கள். நமக்கு ஆகாத அலைதான் அவர்களுக்குத் தேவை. செராத்திங் கடற்கரை அப்போதுதான் களைகட்டும்.

படி 5: மழை தவிர மற்றவை

புகைமூட்டம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடும் கரிநிலமும் எரிந்தால், தென்மேற்குக் காற்று புகையை நேரே நம் தலைக்குக் கொண்டுவரும். எல்லா வருடமும் வராது. 1997, 2015, 2019 போன்ற வறண்ட வருடங்களில் வந்தால் சூரியன் ஆரஞ்சு வட்டமாகத் தெரியும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த மாதங்களில் முன்கூட்டியே முழுப் பணம் கட்டும் பயணம் வேண்டாம். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை என்று கணக்கு.

ஆமைகள். பச்சை ஆமைகள் ரெடாங், பெர்ஹெந்தியான் மணலில் ஏறி முட்டையிடுவது மே முதல் செப்டம்பர் வரை அதிகம். இரவில் கைவிளக்கு அடித்துக்கொண்டு தேடாதீர்கள், வெளிச்சம் பட்டால் திரும்பிப் போய்விடும்.

வெளிறும் பவளம். வெப்பம் உச்சத்துக்குப் போகிற வருடங்களில், ஏப்ரலுக்குப் பிறகு பவளம் நிறமிழந்து வெளுத்துப்போகும். 2010-இல் இப்படி ஆனபோது தியோமான், ரெடாங் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டார்கள். முக்குளிக்கவே போகிறவர்கள் பதிவுக்கு முன் அங்குள்ள முக்குளிப்புக் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சொறிமீன். மேற்குக் கரையில், குறிப்பாகப் பினாங்கு, லங்காவிப் பக்கம், பெட்டி வடிவச் சொறிமீன்கள் உண்டு, விஷம் கடுமையானது. கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதை மதியுங்கள். பிள்ளைகளுக்குக் கைகால் மூடிய நீச்சலுடை, பையில் ஒரு பாட்டில் வெள்ளைக் காடி (வினிகர்). கொட்டினால் தேய்க்கக் கூடாது. காடியை ஊற்றி நேரே கிளினிக்.

படி 6: வாரத்தின் எந்த நாள்?

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கிளந்தான், திரெங்கானு, கெடா மூன்றிலும் வார விடுமுறை வெள்ளி, சனி. நம் கோலாலம்பூர்க் கூட்டம் சனி, ஞாயிறு. இரண்டு கூட்டமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுகிற நாள் சனிக்கிழமை. ஞாயிறு மதியம் போய்ப் புதன் காலை திரும்பினால், அதே அறைக்குக் குறைந்த வாடகை, அதே பவளத்துக்குப் பத்துப் பேர் குறைவு. மூன்று நாள் லீவு எழுதினால் போதும்.

படி 7: போகிற வழி

கிழக்கே காரில் போவதானால் காராக் நெடுஞ்சாலையின் நெரிசலைக் கணக்கில் வையுங்கள். விடுமுறைக்கு முந்திய இரவு கோம்பாக் சாவடியைத் தாண்டவே பாதி உற்சாகம் போய்விடும். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புவதுதான் என் வழக்கம். விமானமானால் பெர்ஹெந்தியானுக்குக் கோத்தா பாரு, ரெடாங்குக்குக் கோல திரெங்கானு. லங்காவிக்குச் சாலை வழி போகிறவர்களுக்குக் கோல கெடா, கோல பெர்லிஸ் இரண்டு துறைகள். இடிஎஸ் ரயிலில் ஆராவில் இறங்கினால் கோல பெர்லிஸ் பக்கம்.

துறையின் பெயரை இரண்டு முறை படியுங்கள். ரெடாங் படகு கிளம்புவது மெராங். காப்பாஸ் படகு கிளம்புவது மாராங். ஓர் எழுத்து வித்தியாசம், இடையில் சுமார் 50 கிலோமீட்டர். ஒன்று கோல திரெங்கானுவுக்கு வடக்கே, மற்றது தெற்கே. என் தம்பி வரைபடத்தில் முதலில் வந்ததை அழுத்திவிட்டு, "வந்துட்டோம்ணே" என்று பெருமையாக மாராங்கில் வண்டியை நிறுத்தினான். ரெடாங் டிக்கெட்டைப் பார்த்த பையன் சிரிக்கக்கூட இல்லை; தினமும் நாலு பேர் இப்படி வருவார்களாம். ஒன்பது மணிப் படகு போய்விட்டது. அடுத்த படகுக்காக மெராங்கில் ஒரு தட்டு கெரோப்போக் லெக்கோரோடு உட்கார்ந்திருந்தோம். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தம்பி ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை.

மெர்சிங்கில் வேறு விதமான சிக்கல். அங்கே ஆற்றுவாயில் ஆழம் குறைவு. நீர் வற்றியிருந்தால் பெரிய படகு வெளியே போக முடியாது. அதனால் தியோமான் படகு நேரம் நாளுக்கு நாள் மாறும். போன மாத அட்டவணையை நம்பி வண்டி ஓட்டாதீர்கள்.

விரைவுப் படகில் முன்னால் உட்காரத் துடிப்பார்கள் பிள்ளைகள். அலை இருக்கிற நாளில் முன்பக்கம் எழும்பி எழும்பி விழும். முதுகுவலிக்காரர், கர்ப்பிணி, வயதானவர்கள் எல்லாம் பின்னால். கைபேசியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், சின்னத் தீவுகளில் அட்டை எப்போதும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. திரும்புகிற விமானத்தைத் தீவிலிருந்து இறங்குகிற அதே நாளில் போடாதீர்கள். ஓர வாரங்களில் இது கட்டாயம்.

படி 8: கடைசி வாரம், கடைசி நாள்

கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் ஏழு நாளும் மேகத்துக்குக் கீழே மின்னல் போட்டிருக்கும். பயப்படாதீர்கள். நம் ஊரில் வருடத்தில் முக்கால்வாசி நாள் அந்தப் படம்தான் வரும். அரைமணி நேர மழைக்கும் அது, நாள் முழுக்கக் கொட்டுவதற்கும் அதுதான். பார்க்க வேண்டியது காற்றின் வேகமும் அலை உயரமும். என் கணக்கு இது: அலை அரை மீட்டருக்குள் என்றால் பாட்டியும் போகலாம். ஒரு மீட்டர் என்றால் எலும்பு குலுங்கும். அதற்கு மேல் என்றால் படகுக்காரரே யோசிப்பார்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்றுக்கும் கடல் கொந்தளிப்புக்கும் தனி எச்சரிக்கை விடுகிறது. முதல் பிரிவு எச்சரிக்கை என்றாலே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. சின்னப் படகுக்கு ஆபத்து. அப்படி ஒன்று இருந்தால் வாதாடிப் பயனில்லை, தேதியை மாற்றுங்கள்.

மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொரு வகை உண்டு. விடியுமுன் சுமத்ராப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு மேக வரிசை வரும். கதவு படபடக்கும், தென்னை வளையும், ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு நகர்ந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு அன்றைய படகுச் சவாரியை ரத்து செய்கிறவர்கள் பத்து மணிக்குச் சுள்ளென்று வெயிலைப் பார்த்து நொந்துகொள்வார்கள். தீவுச் சுற்றைப் பத்து மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் போதும். கிழக்கில் நேர்மாறு: காலைத் தண்ணீர்தான் தெளிவு, எட்டரைக்கெல்லாம் இறங்கிவிடுங்கள்.

எல்லாச் செயலியையும் பார்த்த பிறகு, முந்திய நாள் மாலை படகுக்காரருக்கு ஒரு போன் போடுங்கள். மலாயில் ஒரே கேள்வி போதும்: "பாக் சிக், எசோக் லாவுத் மாச்சாம் மானா?" நாளைக்குக் கடல் எப்படி? "தெனாங்" என்றால் தூங்கப் போகலாம். "ஒம்பாக் சிக்கிட்" என்றால் அலை கொஞ்சம் உண்டு. கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், இஞ்சி மிட்டாயும் இருக்கட்டும். "தெங்கோக் டுலு", பார்க்கலாம், என்று இழுத்தால் மூட்டையை இன்னும் கட்டாதீர்கள். இன்னொரு தே தாரேக் சொல்லிவிட்டு உட்காருங்கள்.